எதிர்க்கடை மாமாவுக்கும் அப்பாவுக்காக ஓடி வந்த எல்லோருக்கும்

கிருஷ்ணகிரி பழையபேட்டை உறவுகளுக்கு வணக்கம்.

அப்பாவின் காரியம் நல்லபடியாக முடிந்தது. என்ன நடந்தது என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அதை மறுபடி எழுத எனக்குத் தெம்பு இல்லை.

அன்று ராத்திரி சத்தம் கேட்டு ஓடி வந்த பக்கத்து வீட்டு அக்கா, 108 வண்டியில் கூடவே ஏறிய லோடுமேன் அண்ணன்கள், பந்தலுக்குக் காசு வாங்க மறுத்தவர், எங்களை அடுப்பு மூட்டவே விடாமல் சோறு கொண்டுவந்த தெருக்காரர்கள், பாதி ஷட்டர் இறக்கி நின்ற மண்டிக்காரர்கள், தேன்கனிக்கோட்டையிலிருந்து பஸ் பிடித்து வந்த தோட்டக்காரர்கள், புளியில் கொட்டை எடுக்கும் அம்மாக்கள், எல்லோருக்கும் நன்றி. பேர் சொல்ல ஆரம்பித்தால் யாராவது விட்டுப்போவார்கள்.

ஆனால் ஒருவரைப் பற்றி மட்டும் தனியாகச் சொல்லியாக வேண்டும்.

எதிர்க்கடை மாமாவுக்கும் அப்பாவுக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்பது ஊரறிந்த விஷயம். புளியமரக் குத்தகையில் வந்த தகராறு. ஒரே டீக்கடையில் ஒரே நேரத்தில் டீ குடிப்பார்கள், முகம் பார்த்துக்கொள்ள மாட்டார்கள். அப்பாவை எடுக்கும்போது அவரைக் காணவில்லையே என்று சிலர் கேட்டார்கள். அவர்களுக்காகவும்தான் இதை எழுதுகிறேன்.

அந்த நேரத்தில் அஞ்செட்டிப் பக்கமிருந்து ஒரு மினி லாரி எங்கள் கடை வாசலில் வந்து நின்றிருக்கிறது. அப்பா முன்பே விலை பேசி வைத்த புளிச் சரக்கு. கொண்டுவந்தவர்களுக்கு விஷயமே தெரியாது. வானம் வேறு கருத்துக்கொண்டு வந்தது. நனைந்த புளி என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மாமா தன் கிடங்கைத் திறந்து மூட்டைகளை இறக்கி, எடை போட்டு, கையிலிருந்து பணம் கொடுத்து அனுப்பியிருக்கிறார். அதுவும் அன்றைய மண்டி விலைக்கு இல்லை. அப்பா போனில் சொல்லியிருந்த விலைக்கு, கிலோவுக்கு 8 ரூபாய் கூடுதலாக. அந்த விலைக்குச் சாட்சி, கொண்டுவந்தவரின் வாய்ச்சொல் மட்டும்தான். “அவன் அப்படித்தான் சொல்லியிருப்பான், எனக்குத் தெரியாதா” என்றாராம்.

சாயந்தரம் ஒரு துண்டுச் சீட்டை என் கையில் கொடுத்தார். மேலே பிள்ளையார் சுழி, கீழே அப்பா பெயர், 22 மூட்டை, சாக்கு எடை கழித்தது, வண்டி வாடகை, இறக்குக்கூலி. கமிஷன் என்ற இடத்தில் வெறும் கோடு. ஏன் மாமா என்றேன். “சரக்கு வாசல்ல நிக்குதும்மா, வேற என்ன பண்றது?” என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

எடை போடும் பையனாக மண்டிக்குள் நுழைந்தவர் அப்பா. வெளியூர்க்காரர்கள் கிருஷ்ணகிரி என்றால் மாம்பழம் என்பார்கள். புளியைச் சொல்வதில்லையே என்று அவருக்கு ஒரு சின்ன வருத்தம் உண்டு. ஒரு புளிச் சுளையைக் கிள்ளி வாயில் போட்டு, புதுசா, கறுக்க ஆரம்பித்த போன வருஷத்துச் சரக்கா என்று சொல்லிவிடுவார். 2004இல் மாவட்டம் பிரிந்தபோது புது பில் புத்தகம் அடிக்கவில்லை. ‘தருமபுரி மாவட்டம்’ என்பதைப் பேனாவால் அடித்துவிட்டு, மேலே ‘கிருஷ்ணகிரி’ என்று எழுதி எழுதியே பழைய புத்தகங்களைத் தீர்த்தார். அப்படிப்பட்ட சிக்கனக்காரர், சொன்ன விலையில் மட்டும் ஒரு பைசா குறைத்ததில்லை. அதை எங்களைவிட நன்றாகத் தெரிந்து வைத்திருந்தவர், அவரோடு பேசாமல் இருந்த மாமாதான்.

அப்பாவின் கணக்கில் பாதி நோட்டில் இருக்கிறது, மீதி அவரோடு போய்விட்டது. அவரிடம் வாய்ப்பேச்சாக விலை பேசியவர்கள், பணம் வர வேண்டியவர்கள், சீட்டு இல்லையே என்று தயங்காமல் வந்து சொல்லுங்கள். பங்குனிக்குள் நேர் செய்துவிடுகிறோம். திங்கட்கிழமை கடை திறக்கிறோம். தம்பி இருப்பான், சனி, ஞாயிறு நான் ஓசூரிலிருந்து வந்துவிடுவேன்.

மாமா, முதல் கணக்கு உங்களுடையது. கமிஷனையும் சேர்த்துத்தான் தருவோம், வேண்டாம் என்று சொல்லக் கூடாது.

இப்படிக்கு,
மூத்த மகள்