வண்டி அப்படியே இருக்கட்டும்

உச்சிப்புளி

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது.

இங்கே நானும் அம்மாவும் நலம். நீ அனுப்பிய படங்களை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தேன். இங்கிலாந்தில் கிரிம்ஸ்தார்ப் கோட்டைப் புல்வெளியில் நடந்த சாதாரணக் கார்த் திருவிழாவில் வரிசை வரிசையாகப் பழைய கார்கள். அதில் ஒன்றுகூட ராஜா ஏறிய கார் இல்லை. வாத்தியாரும் கிளார்க்கும் தவணை கட்டி வாங்கிய கார்கள். "இதைப் பார்க்கவா அப்பா இவ்வளவு கூட்டம்?" என்று கேட்டிருந்தாய். போனில் இரண்டு வார்த்தையில் சொல்லி முடிக்கிற பதில் இல்லை, அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். நம் அம்பாசிடரைப் புதுசாக்கப் பணம் அனுப்புவதாக மாப்பிள்ளை சொன்னாரே, அதற்கும் இதிலேயே பதில் இருக்கிறது. அவரையும் உட்கார வைத்துப் படித்துக் காட்டு.

முதலில், மூன்றாவது படத்தில் இருக்கும் அந்தப் பழுப்பு நிறக் கார். மாரிஸ் மரினா என்று எழுதியிருந்தாய். 1971 முதல் 1980 வரை ஆக்ஸ்போர்டை ஒட்டிய கௌலி தொழிற்சாலையில் செய்த கார் அது. நம் அம்பாசிடரின் பூர்வீகமும் அதே கௌலிதான். அங்கே செய்த மாரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் சீரிஸைத்தான் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் கொண்டுவந்து, கல்கத்தா பக்கம் உத்தர்பாராவில் அம்பாசிடர் என்று செய்ய ஆரம்பித்தது. மரினா 1.8-இல் இருப்பது பி சீரிஸ் எஞ்சின். நம் வண்டியின் 1489 சிசி எஞ்சினும் அதே பி சீரிஸ். இரண்டுக்குமே முன்பக்கம் சுருள் ஸ்பிரிங் கிடையாது, டார்ஷன் பார், அதாவது முறுகி அதிர்வைத் தாங்கும் கம்பி. எதிரில் நின்றது நம் வண்டிக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று தெரியாமல் படம் எடுத்துவிட்டு வந்திருக்கிறாய்!

சரி, கூட்டத்துக்கு வருகிறேன்.

சென்னையில் பழைய கார்க் கண்காட்சிக்குப் போயிருந்தேன் என்று முன்பே சொன்னேன் இல்லையா. ரோல்ஸ் ராய்ஸ், பியூக், கப்பல் நீளத்துக்கு ஒரு இம்பாலா, எல்லாம் பளபளவென்று நின்றன. ஜனங்கள் வந்தார்கள், பார்த்தார்கள், விலை என்ன என்று கேட்டார்கள், பக்கத்தில் நின்று ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு நகர்ந்தார்கள். கடைசி வரிசையில் ஒரு பிரீமியர் பத்மினியும் ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டும் இருந்தன. அங்கே வந்தவர்கள் நகரவே இல்லை. ஒரு அம்மா தன் மகளிடம், முன் சீட்டில் அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் நடுவில் தான் எப்படி உட்கார்ந்து போவேன் என்று காட்டிக்கொண்டிருந்தார். ஸ்டியரிங் தண்டில் கை கியர் இருந்ததால்தான் நடுவில் ஒரு ஆள் உட்கார இடம் கிடைத்தது, அதைப் பார்த்தால்தானே அந்தப் பெண்ணுக்குப் புரியும். ஒரு பெரியவர் வண்டி ஸ்டார்ட் ஆகச் சோக்கை எவ்வளவு இழுக்கணும் என்று விளக்கினார். இன்னொருவர் இல்லை, அதைவிடக் கொஞ்சம் கம்மி என்றார். இரண்டு பேரும் முன்பின் அறியாதவர்கள், அரை மணி நேரம் பேசினார்கள்.

ஹெரால்டைச் சுற்றி அதைவிடக் கூட்டம். அது நம் மெட்ராஸ் கார். வண்டலூர் பக்கம் 1961-இல் ஆரம்பித்து செய்தார்கள். பானெட்டைத் திறந்தால் இரண்டு பக்க மட்காடும் சேர்ந்து அப்படியே முன்னால் கவிழ்ந்துவிடும். மெக்கானிக் டயர் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். சொந்தக்காரர் ஒவ்வொரு தடவை திறந்து காட்டும்போதும் பசங்கள் கைதட்டினார்கள். அரிய காரை எல்லோரும் வியந்து பார்க்கலாம். இந்தக் கார்களைப் பற்றி எல்லோருக்கும் சொல்ல ஏதாவது இருக்கிறது. உனக்கு என் பதில் அவ்வளவுதான்.

ஆனால் இவை நம் கண்முன்னால் காணாமல் போகிற விதம்தான் எனக்கு மனசை என்னவோ செய்கிறது. விலை அதிகமுள்ள காரை யாரும் தூக்கிப் போடுவதில்லை. ஷெட்டில் துணி போர்த்தி வைத்துவிடுவார்கள், பேரன் காலத்தில் எடுத்துச் சீர்செய்வார்கள். சாதாரணக் காருக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. டிங்கரிங் செலவு வண்டியின் விலையைத் தாண்டிய அன்றைக்கே அது காயலான் கடைக்குப் போகும். தெருவுக்கு நாலு நிற்கும்போது ஒன்றை எடுத்து வைக்கணும் என்று யாருக்குத் தோன்றும்? பம்பாயில் தெருவெல்லாம் பத்மினி டாக்ஸி ஓடியது. கடைசி வண்டி 2003 அக்டோபரில் பதிவானது, 20 வருஷ வரம்பு முடிந்து 2023 அக்டோபரோடு டாக்ஸியாக ஒன்றுகூட இல்லை என்று ஆகிவிட்டது. நம் பக்கமும் அதே கதைதான். ராமநாதபுரம் ஸ்டாண்டில் நின்ற அம்பாசிடர்கள் எங்கே போயின என்று நினைக்கிறாய்? பாடி இரும்பு விலைக்குப் போனது. பின்பக்க ஸ்பிரிங் பட்டையை அரிவாள் அடிக்க வாங்கிப் போனார்கள்.

இன்னொன்று. நீ பார்த்த அந்தத் திருவிழாவை ஹேகர்ட்டி என்கிற காப்பீட்டு நிறுவனம் 2014-இல் தொடங்கியது. அதே வருஷம் ஜனவரியில் இங்கே மாருதி 800 நின்றது. மே மாதம் உத்தர்பாராவில் அம்பாசிடர் வேலையை நிறுத்தினார்கள். அங்கே சாதாரணக் காருக்கு விழா எடுக்க ஆரம்பித்த வருஷம், இங்கே நம் இரண்டு சாதாரணக் கார்களும் முடிந்தன. அம்பாசிடர் என்ற பெயர்கூட 2017-இல் 80 கோடி ரூபாய்க்கு பிரான்ஸ்காரர்களின் பெஜோ கம்பெனிக்குப் போய்விட்டது. அதனால்தான் இனி இருப்பதை விடக்கூடாது என்கிறேன்.

நம் கடற்கரையில் இது இன்னும் கஷ்டம். நீ இங்கே இருந்தவரை உப்புக் காற்றின் வேலையை நீயும் பார்த்திருக்கிறாய், ஆனால் கதவுக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்திருக்க மாட்டாய். கண்ணாடி ரப்பர் சுருங்கினால் மழைத் தண்ணீர் கதவுக்குள் இறங்கும். அது வெளியே போகக் கதவின் அடியில் சின்ன ஓட்டைகள் உண்டு. நம் ஊர் மணல் அந்த ஓட்டைகளை அடைத்துவிடும். தண்ணீர் உள்ளேயே நின்று, தகடு உள்ளிருந்து வெளியே துருப்பிடித்து வரும். வெளியில் பெயின்ட் கொப்புளம் தெரியும்போது காரியம் முடிந்திருக்கும். அதன்மேல் பட்டி வைத்துப் பெயின்ட் அடித்தால் ஒரு வாடைக்காலம்கூடத் தாங்காது. மழைக்கு முன்னால் ஒவ்வொரு கதவின் அடியிலும் குச்சி விட்டு மணலை எடுத்துவிடுவேன். அடித்தகட்டில் பழைய எஞ்சின் ஆயில் தடவுவேன். 2017-இல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை வந்த பிறகு தனுஷ்கோடிக்கு அம்பாசிடரிலேயே போகிறேன். அதற்கு முன் மணலில் ஜீப்பும் வேனும்தான் போகும், நம் வண்டி முகுந்தராயர் சத்திரத்தோடு நின்றுவிடும். போய்வந்த அன்றே நல்ல தண்ணீரில் அடிப்பக்கம் முழுக்கக் கழுவாமல் நான் சாப்பிட உட்காருவதில்லை, அம்மாவைக் கேட்டுப் பார்.

இப்போது மாப்பிள்ளை சொன்ன யோசனை. இரண்டு கலர் பெயின்ட், அலாய் வீல், இசுசு எஞ்சின், பவர் ஸ்டியரிங், புது சீட். அவர் ஆசையோடுதான் சொன்னார், எனக்குத் தெரியும். ஆனால் வேண்டாம். 

காரணம் சொல்கிறேன். பாம்பன் ரோட்டுப் பாலம் 1988 அக்டோபரில்தான் திறந்தது. அதுவரை கார் மண்டபத்தோடு சரி, ராமேஸ்வரம் போகிறவர்களை இறக்கிவிட்டால் அவர்கள் ரயிலேறித்தான் கடலைத் தாண்டணும். பாலம் வந்த பிறகுதான் தேவிபட்டினம், திருப்புல்லாணி, ராமேஸ்வரம் என்று ஒரே சுற்றாக யாத்திரைக்காரர்களைக் கூட்டிப் போக முடிந்தது. காசியிலிருந்து கங்கைத் தண்ணீர்ச் சொம்போடு வருவார்கள், இங்கிருந்து மணல் எடுத்துப் போவார்கள். நம் வண்டி மேல்கூரையில் கேரியர் அழுத்திய நாலு தழும்பு இருக்கிறதே, அது அவர்களுடைய மூட்டைகள் போட்ட தழும்பு. முன் சீட் ரெக்ஸின் கிழிந்தபோது பாம்பன்காரர் ஒருவர் வலைநூலால் தைத்துக் கொடுத்தார், அந்தத் தையல் இன்னும் பிரியவில்லை. இதை எல்லாம் எடுத்துவிட்டுப் புது சீட்டும் புதுக் கூரையும் போட்டால் கடையில் வாங்கின மாதிரி ஒரு அம்பாசிடர் நிற்கும். அது எந்த ஊர் வண்டி, என்ன வேலை பார்த்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

சட்டமும் என் பக்கம்தான் பேசுகிறது. 2021-இல் மத்திய அரசு போட்ட விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 வருஷம் தாண்டிய காரை விண்டேஜ் என்று பதியலாம், நம்பரில் விஏ என்று எழுத்து வரும், கட்டணம் 20,000 ரூபாய், 10 வருஷம் செல்லும். ஆனால் சேசிஸ், பாடி, எஞ்சின் மாற்றாமல் பழையபடியே இருக்கணும். நம் வண்டி 1977-இல் பதிவானது, 2027-இல் அந்த வயது வரும். இசுசு எஞ்சினை ஏற்றினால் அந்தக் கதவு அன்றே மூடிவிடும்.

என்னைக் கேட்டால், நான் விஏ நம்பருக்குப் போக மாட்டேன். அப்படிப் பதிந்த காரை அன்றாடம் ஓட்டக் கூடாது, கண்காட்சிக்கும் ஊர்வலத்துக்கும் பெட்ரோல் போடவும் ரிப்பேருக்கும்தான் வெளியே எடுக்கலாம். சந்தைக்குப் போகாத அம்பாசிடரை வைத்து நான் என்ன செய்ய? அதனால் இப்போது போலவே ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை எஃப்.சி. (தகுதிச் சான்று) காட்டிப் பதிவைப் புதுப்பிக்கிறேன். அதுவும் லேசில்லை. முன்பு 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022-இல் 5,000 ஆனது, 2025-இல் 20 வருஷம் தாண்டிய கார்களுக்கு 10,000 ஆனது. கட்டிக்கொள்கிறேன். என் காலத்துக்குப் பிறகு விஏ நம்பரா, என்ன என்று நீ முடிவு செய். உனக்கு அந்த வழி திறந்திருக்கணும் என்றால் எஞ்சின் அதேதான் இருக்கணும்.

பணம் அனுப்பியே தீருவேன் என்று மாப்பிள்ளை சொன்னால், எங்கே போடணும் என்று சொல்கிறேன். டிரைவர் காலடித் தகடு மெலிந்துவிட்டது, வெட்டிப் புதுத் தகடு வெல்டு வைக்கணும். பின் கதவு இரண்டின் அடிப்பகுதியும் அப்படியே. வயரிங் முழுக்க மாற்றணும், மேல் உறை நொறுங்குகிறது, அது பயம். பிரேக் ஹோஸ் மாற்றணும். வெளியிலிருந்து பார்த்தால் ஒரு ரூபாய் செலவு செய்த மாதிரி தெரியாது. எனக்கு அப்படித்தான் வேண்டும்.

அப்புறம், பக்கத்துத் தெரு அண்ணன் தன் மாருதி 800-ஐக் கொடுத்துவிடப் போகிறார். 1985 மாடல், முதலில் வந்த பழைய உருவம். விற்காதீர்கள் என்று போய்ச் சண்டையே போட்டேன். முதல் மாருதியின் சாவியை 1983 டிசம்பர் 14 அன்று இந்திரா காந்தி கையால் வாங்கியவர் டெல்லி ஹர்பால் சிங். அவர் காலமான பிறகு அந்தக் காரே வெளியில் துருப்பிடித்து நின்றது, அப்புறம்தான் கம்பெனி எடுத்துச் சீர்செய்து தன் அலுவலகத்தில் வைத்தது. முதல் காருக்கே அந்தக் கதி என்றால் நம் ஊர்க் காருக்கு யார் வருவார்கள்? பத்மினியை 20 வருஷம் முன்பு எல்லோரும் எப்படிப் பார்த்தார்களோ, அப்படித்தான் இன்று 800-ஐப் பார்க்கிறார்கள். இப்போது எடுத்து வைத்தால் உண்டு. யோசிக்கிறேன் என்று சொல்லியிருக்கிறார்.

காணும் பொங்கலன்று நாங்கள் சில பேர் வண்டிகளைக் கொண்டுவந்து பள்ளிக்கூட மைதானத்தில் நிறுத்தலாம் என்று பேசியிருக்கிறோம். ராமநாதபுரத்து வாத்தியாரின் பத்மினி, மண்டபத்திலிருந்து ஒரு ஜீப், அண்ணன் மனசு வைத்தால் அந்த மாருதி, நம் வண்டி. மேடை இல்லை, பரிசு இல்லை. ஒவ்வொரு காருக்கும் முன்னால் ஒரு அட்டை. அதில் குதிரைத் திறன் எழுத வேண்டாம் என்பது என் கட்சி. யார் வாங்கினார்கள், யாரைக் கூட்டிப் போனது, எந்த ரோட்டில் ஓடியது என்று எழுதணும். உன் கையெழுத்து நன்றாக இருக்கும், நம் வண்டி அட்டையை நீ எழுது. பொங்கலுக்கு வரும்போது பேரனை மைதானத்தில் முன் சீட்டின் நடுவில் உட்கார வை.

அங்கே அடுத்த கோடையில் மறுபடி போனால், தூர நின்று படம் எடுக்காதே. சொந்தக்காரரிடம் போய் முதலில் இதை வாங்கியது யார் என்று கேள். பானெட்டைத் திறக்கச் சொல். சந்தோஷமாகத் திறப்பார்கள். மரினாக்காரரைப் பார்த்தால் நம் வண்டிப் படத்தைக் காட்டு.

அன்புடன்,
அப்பா

பி.கு.: பி சீரிஸ் எஞ்சின் எம்ஜிபி என்கிற இங்கிலாந்துக் காரிலும் இருப்பதால் அதன் சாமான்கள் அங்கே இன்னும் கடையில் கிடைக்கும். எனக்கு கான்டாக்ட் பாயின்ட் இரண்டு, கண்டென்சர் இரண்டு வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டர் மேல் அடித்திருக்கும் நம்பரைப் படம் எடுத்து நாளைக்கு அனுப்புகிறேன். அதைக் காட்டி வாங்கு, நம்பர் பொருந்தாவிட்டால் வாங்காதே.