வாய்க்காலின் வால் முனையிலிருந்து

மூக்கையூர்,
ஐப்பசி முதல் வாரம்.

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதமும் படங்களும் வந்து சேர்ந்தன. மதுரையில் உன் வீட்டுக்குப் பின்னால் ஓடும் கிருதுமால் வாய்க்காலில் தூர்வாரப் பொக்லைன் இறங்கிய கதையையும், மூன்று நாளாக நாற்றத்தில் ஜன்னலை அடைத்துக்கொண்டு சோறு இறங்காமல் கிடந்ததையும் எழுதிவிட்டு, முடிவில் ‘உனக்கென்ன, கடற்கரையில் காற்று வாங்கிக்கொண்டிருக்கிறாய்’ என்று ஒரு குத்து வேறு. அந்தக் குத்துக்குத்தான் இந்தப் பதில். நலம் விசாரிப்பெல்லாம் கடைசியில்.

அந்த வாய்க்கால் உன் வீட்டைத் தாண்டி எங்கே போகிறது என்று நாற்பது வருடத்தில் ஒரு நாளாவது யோசித்தாயா? துவரிமான் கண்மாயில் புறப்படுகிறது. மதுரைக்குள் புகுந்து வெளியேறி, சிவகங்கை, விருதுநகர் மாவட்டங்களைத் தொட்டுக்கொண்டு எங்கள் ராமநாதபுரம் மாவட்டத்துக்கு வந்து குண்டாற்றில் சேர்கிறது. குண்டாறு எங்கள் மூக்கையூர்ப் பக்கத்தில் கடலில் விழுகிறது. நீ கொல்லைக் கதவைத் திறந்தால் தெரிவது வாய்க்காலின் வயிறு. நான் காற்று வாங்கும் இடம் அதன் வால்.

கல்லூரி நாட்களில் கிருதுமால் பாலத்தில் சைக்கிளை நிறுத்திவிட்டு எனக்குப் புராணம் சொன்னவன் நீதான். பெருமாள் மீனாக அவதாரம் எடுத்து அரசன் ஒருவனின் உள்ளங்கை நீரில் வந்து நின்றது இந்த ஆற்றில்தான், பழைய பெயர் கிருதமாலா, வைகை ஒரு புறமும் இது ஒரு புறமுமாக ஊருக்கு மாலை போட்டதுபோல ஓடியது என்றெல்லாம் சொன்னாய். அப்போதே மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் சொன்னாய். மீன்பிடிக்கிற ஊரிலிருந்து வந்தவனுக்கு அந்தக் கதை பிடித்துப்போயிற்று.

பழியை முழுக்க உங்கள் ஊர் தலையில் போட மாட்டேன். சாதாரண வருடங்களில் உங்கள் சாக்கடை எங்களை எட்டுவதே இல்லை. வழியில் இருக்கிற கண்மாய்கள் ஒன்று மாற்றி ஒன்றாகக் குடித்துவிடும். அந்தக் கண்மாய்த் தண்ணீரில் நெல் போடுகிறவர்கள் பாடு வேறு. நல்ல மழை பெய்து குண்டாறு இரு கரையும் தொட்டு வருகிற வருடத்தில்தான் எல்லாம் சேர்த்து வைத்ததுபோல ஒரே மூச்சில் வந்து இறங்கும். வெள்ளம் வடிந்த மறுநாள் முகத்துவாரத்தில் நடந்து பார்த்திருக்கிறேன். தெர்மாகோல், செருப்பு, குளுக்கோஸ் பாட்டில், பால் பாக்கெட், ஒரு தடவை கால் இல்லாத பிளாஸ்டிக் நாற்காலி. அது மதுரை நாற்காலியா, கமுதி நாற்காலியா, எங்கள் சாயல்குடி நாற்காலியா என்று யார் சொல்ல முடியும்? தண்ணீர் வரும் வழியில் எல்லா ஊரும் இருக்கிறது.

இனி உன் பொக்லைனுக்கு வருகிறேன். மழைக்கு முன்னால் தூர்வாருவது தப்பு என்று சொல்லவில்லை. வாராவிட்டால் உன் தெருவில் முழங்கால் தண்ணீர். ஆனால் நீ அனுப்பிய மூன்றாவது படத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். வாரிய சேறு கரையிலேயே கருப்பாகக் குவிந்து கிடக்கிறது. முதல் மழைக்கு அதில் பாதி வாய்க்காலுக்கே திரும்பிவிடும். எங்கள் பக்கத்திலும் ஓர் ஊரில், பெயர் வேண்டாம், ஊருணிக்கு வரும் வரத்துக்காலை இப்படித்தான் வாரினார்கள். படம் எடுத்தார்கள், சேற்றைக் கரையில் விட்டார்கள், கார்த்திகையில் அந்த வரத்துக்கால் பழைய மட்டத்துக்கு வந்துவிட்டது.

அதே படத்தில் இன்னொன்றும் தெரிகிறது. எதிர்ச்சுவரில் வரிசையாகப் பிளாஸ்டிக் குழாய்கள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. எண்ணினேன், பதினொன்று. பொக்லைன் போன பிறகும் பதினொன்றும் ஒழுகிக்கொண்டுதான் இருக்கும். எந்த ஊர் வாய்க்காலானாலும் நான் முதலில் பார்ப்பது இந்தக் குழாய்களைத்தான். பாதாளச் சாக்கடை வந்துவிட்டது என்று பலகை வைத்துவிடலாம். வீட்டுக் குழாயை அதில் இணைக்கப் பணம் கட்ட வேண்டும், முன்வாசலை உடைக்க வேண்டும். பின்பக்கம் வாய்க்கால் சும்மாவே இருக்கும்போது யார் உடைப்பார்கள்? வாய்க்காலின் வாயிலேயே சாக்கடையை மறித்து, மோட்டார் வைத்து இறைத்துச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு அனுப்புகிற வழியும் இருக்கிறது. நல்ல வழிதான், மோட்டார் ஓடுகிற வரைக்கும். கரண்ட் போனால் மறித்தது எல்லாம் மேலே வழிந்து பழைய பாதைக்கே போகும்.

சென்னையில் ஒன்று பார்த்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். பேரனின் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை அடையாற்று முகத்துவாரத்தில் இருக்கும் தொல்காப்பியப் பூங்காவுக்கு அழைத்துப் போனார்கள். துணைக்கு நானும் தொற்றிக்கொண்டேன். 58 ஏக்கர். குப்பையும் கட்டட இடிபாடும் கொட்டி மேடாகிப்போயிருந்த உப்பங்கழி அது. அள்ளி எடுத்து, கடல் ஓதம் உள்ளே வந்து போகிற மாதிரி வழி திறந்து, அலையாத்திச் செடி நட்டு, 2011-ல் திறந்தார்கள். கொக்கும் நண்டும் பார்த்தேன். பிள்ளைகளைவிட எனக்குத்தான் சந்தோஷம். ஓதம் ஏறி இறங்குகிற வழியை அடைக்காமல் விட்டாலே கழி பாதி பிழைத்துவிடும் என்பது எங்கள் பக்கத்தில் வலை இழுக்கிறவர்களுக்குத் தெரிந்த விஷயம். வாசலைத் தாண்டி வெளியே வந்ததும் அடையாற்று வாடை பழையபடி அடித்தது என்பதையும் மறைக்க மாட்டேன். சின்னத் துண்டு ஒன்றைக் காப்பாற்ற முடிகிறது. ஆறு முழுக்கக் காப்பாற்ற, கரையில் இருக்கிற ஒவ்வொரு குழாயையும் தேடிப் போக வேண்டும்.

இவ்வளவு பேசுகிறவன் யோக்கியதையைக் கேள். போன மாதம் எங்கள் வீட்டுச் செப்டிக் டேங்க் நிரம்பிவிட்டது. கட்டிய நாளிலிருந்து திறந்ததில்லை. லாரிக்காரரைக் கூப்பிட்டேன், வந்தார், குழாயை விட்டு உறிஞ்சினார், காசு வாங்கினார். கிளம்பும்போது ‘எங்கே கொண்டுபோய்க் கொட்டுவீர்கள்?’ என்று கேட்டேன். சிரித்துவிட்டு, ‘அதை நீங்கள் கேட்காமல் இருந்தால் நமக்கு இரண்டு பேருக்கும் நல்லது’ என்றார். மறுநாள் காலை நடைப்பயிற்சி போனபோது ஓடைக்கரை மணலில் பெரிய டயர்த் தடம். அந்த ஓடை குண்டாற்றுக்குத்தான் போகிறது. முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் சுகாதாரப் பாடம் எடுத்தவன், என் வீட்டுச் சமாச்சாரத்தை நான் குளிக்கிற கடலுக்கே அனுப்பியிருக்கிறேன். இரண்டு நாள் யாரிடமும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் விசாரிக்கப் போனேன். சட்டம் எல்லாம் இருக்கிறது. கழிவு உறிஞ்சும் லாரிக்கு உள்ளாட்சியின் உரிமம் வேண்டும் என்று 2022-ல் சட்டத்திருத்தம் வந்துவிட்டது, மீறிக் கொட்டினால் முதல் தடவை 25,000 ரூபாய் அபராதம். அதற்கு எட்டு வருடம் முன்பே, 2014-ல், கழிவைச் சுத்திகரிப்பு நிலையத்தில்தான் இறக்க வேண்டும் என்று அரசு வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது. லாரிக்காரர் ஒரே வார்த்தையில் முடித்தார்: நிலையம் இருக்கும் ஊருக்குப் போய் வர டீசல் யார் கொடுப்பார்கள்? நான் கொடுத்த காசில் அது கட்டாது என்பது எனக்கே தெரியும். எல்லோரும் அபராதத்தைப் பேசுகிறார்கள், தூரத்தைப் பேசுவதில்லை. நாலைந்து பேரூராட்சிகள் சேர்ந்து, ஒரு லாரி ஒரு நாளைக்கு மூன்று நடை போய் வருகிற தூரத்தில் ஒரு நிலையம் வைத்துக்கொண்டால் பாதித் திருட்டு நின்றுவிடும். இதை ஒரு மனுவாக எழுதிக் கொடுத்திருக்கிறேன். என்ன ஆகும் என்று கேட்காதே, மனுவுக்கு ரசீது கிடைத்திருக்கிறது.

உங்களுக்கு நாற்றம் தெரியும். எங்களுக்கு அதுகூடத் தெரியாது, கடல் மறைத்துவிடும். எங்கள் மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சேர்த்து 1986-ல் தேசியப் பூங்கா என்று அறிவித்தார்கள். அதில் எங்கள் பக்கத்துத் தீவுகள் இரண்டின் பெயர் உப்புத்தண்ணி, நல்லதண்ணி. தீவைச் சுற்றி இருக்கும் பாருக்கு, அதாவது பவளப் பாறைக்கு, தெளிந்த நீர் வேண்டும். கலங்கலும் கழிவும் சேர்ந்தால் பாசி ஏறி மூடிவிடும். 2019 செப்டம்பரில் பாம்பன், மண்டபம் பக்கம் கடல் பச்சையாகி மீன் செத்து ஒதுங்கியதைப் பேப்பரில் படித்திருப்பாய். எங்கள் ஆட்கள் அதைப் பூங்கோரை என்பார்கள். கடலில் கண்ணுக்குத் தெரியாத உயிர் ஒன்று அளவில்லாமல் பெருகி, நீரில் இருக்கிற பிராணவாயுவைக் குறைத்துவிடுகிறது. அது நம் சாக்கடையால் வந்தது என்று நான் சொல்லவில்லை, கடலில் காற்றும் நீரோட்டமும் மாறினாலும் வரும். ஆனால் பட்டினி கிடக்கிற கடலில் அது அப்படிப் பெருகாது. உரமும் மலமும் அதற்குச் சோறு.

சரி, வீட்டு விஷயம். எனக்கு முழங்கால் வலி அப்படியே இருக்கிறது. மருமகள் ஊருக்கு வந்திருக்கிறாள், வீடு கலகலப்பாக இருக்கிறது. ஆடியில் யாகப்பர் கோயில் திருவிழாவுக்கு வருகிறேன் என்று இந்த வருடமும் ஏமாற்றிவிட்டாய். அடுத்த வருடமாவது தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு வா. வருவதற்கு முன்னால் துவரிமான் கண்மாய்க்கு ஒரு நடை போய், கிருதுமால் தொடங்குகிற இடத்தைப் படம் எடுத்துக்கொண்டு வா. முடிகிற இடத்தை நான் கூட்டிப்போய்க் காட்டுகிறேன். அந்தப் பதினொரு குழாயில் உன்னுடையது எது என்பதையும் எழுது.

நெத்திலிக் கருவாடு இரண்டு கிலோ சாயல்குடி பஸ்ஸில் கொடுத்துவிட்டிருக்கிறேன். கண்டக்டர் வெள்ளிக்கிழமை காலை மாட்டுத்தாவணியில் தருவார். தாமதமாகப் போகாதே, வாசனைக்கு அவர் பஸ்ஸை விட்டே இறக்கிவிடுவார்.

உன்,
அந்தோணி