வடிவமைப்புக்குக் கணினி வாங்குவோர் திரையிலிருந்து தொடங்கட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கிராபிக் டிசைன் பணிக்கு மேசைக் கணினி வாங்குவது பற்றித் தங்கள் நாளிதழின் தொழில்நுட்பப் பக்கத்தில் வெளியான கட்டுரையைப் படித்தேன். விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்ட் வழங்கிவந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்பு வசதி இல்லாத பழைய கணினிகளை விண்டோஸ் 11 முறைப்படி ஏற்பதும் இல்லை. நன்றாக ஓடிக்கொண்டிருந்த கணினியைக்கூட மாற்றியாக வேண்டிய நிலையில் பலர் இருக்கும்போது இப்படியொரு கட்டுரை வந்தது பயனுள்ளதே. ஆயினும், ப்ராசஸர் என்னும் செயலிக்கும் கிராபிக்ஸ் கார்டுக்கும் பத்தி பத்தியாக இடம் கொடுத்த அந்தக் கட்டுரை, திரையைப் பற்றி ‘நல்ல மானிட்டர் ஒன்றைத் தேர்ந்தெடுக்கவும்’ என்று கடைசியில் ஒரே வரியில் முடித்துக்கொண்டது. அச்சு வடிவமைப்பைத் தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில், இந்த வரிசை தலைகீழானது என்பதை எடுத்துச்சொல்லவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

செயலி வேகம் குறைந்ததாக இருந்தால் வேலை தாமதமாகும். அந்தத் தாமதம் வேலை செய்பவருக்கு அப்போதே தெரிந்துவிடும். திரை நிறத்தைத் தவறாகக் காட்டினால் எந்த அறிகுறியும் இராது. திரை நீலம் பாய்ந்ததாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். படத்தில் உள்ள முகம் வெளிறித் தெரியும். அதைச் சரிசெய்வதாக எண்ணி டிசைனர் மஞ்சளையும் மெஜந்தா என்னும் ஊதாச் சிவப்பையும் சற்று ஏற்றுவார். திரையில் முகம் இயல்பாகிவிடும். ஆனால் அச்சாகி வரும் தாளில் அதே முகம் செம்மஞ்சள் ஏறி நிற்கும். சாம்பல் நிறத்தில் இது இன்னும் மோசம். பசுநீலமான சியான், மெஜந்தா, மஞ்சள் ஆகிய மூன்று அச்சு மைகளும் சேர்ந்து உருவாகும் சாம்பலில் மெஜந்தா சிறிதளவு கூடினாலே, தாள் முழுவதும் இளஞ்சிவப்புச் சாயல் படர்ந்துவிடும். அச்சுத் தகடான பிளேட் எடுத்து, தாளும் ஓடி முடிந்த பிறகு இதைத் திருத்த வழியே இல்லை. எத்தனை விலை உயர்ந்த செயலியும் இந்த இழப்பை ஈடுகட்டாது.

ஆகவே, கணினிக்கென ஒதுக்கும் தொகையில் மூன்றில் ஒரு பங்கையாவது திரைக்கு முதலில் எடுத்துவைத்துவிட்டு, மீதியில் மற்ற பாகங்களைப் பார்ப்பதே சரியான முறை என்பது என் கருத்து. நல்ல திரை அடுத்த கணினிக்கும் உழைக்கும் என்பதால் அந்தச் செலவு வீணாவதும் இல்லை.

திரையைத் தேர்ந்தெடுக்கும்போது ஐபிஎஸ் வகையா என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ள வேண்டும். பக்கவாட்டிலிருந்து பார்த்தாலும் அதில் நிறம் பெரிதாக மாறாது. அடுத்து வண்ணப் பரப்பு, அதாவது திரை காட்டக்கூடிய நிறங்களின் எல்லை. 1996-இல் ஹெச்பியும் மைக்ரோசாப்டும் சேர்ந்து உருவாக்கிய எஸ்ஆர்ஜிபி அளவை முழுமையாகக் காட்டும் திரை, இணையத்துக்கும் சமூக ஊடகங்களுக்கும் வடிவமைப்பவருக்குப் போதுமானது. அச்சுப் பணியே முதன்மையானது என்றால், 1998-இல் வந்த அடோபி ஆர்ஜிபி பரப்பின் பெரும்பகுதியைக் காட்டும் திரையை நாடலாம். அச்சு மையால் தர முடிந்த சில சியான், பச்சை நிறங்கள் எஸ்ஆர்ஜிபிக்குள் அடங்குவதில்லை. விளம்பரங்களில், பழைய தொலைக்காட்சி வண்ண அளவான என்டிஎஸ்சியைக் கொண்டு ‘45 விழுக்காடு என்டிஎஸ்சி’ என்று குறித்திருந்தால் அந்தத் திரையை வடிவமைப்புக்கு எண்ணவே வேண்டாம். எஸ்ஆர்ஜிபி கணக்கில் பார்த்தால் அது அறுபது விழுக்காட்டைச் சற்றே தாண்டும் அளவுதான். அடர் சிவப்பும் அடர் பச்சையும் அதில் சாயம் போனதாகத்தான் தெரியும். நிறப் பிழையைக் குறிக்கும் டெல்டா ஈ மதிப்பு 2-க்குக் கீழே இருந்தால் நம்பி வாங்கலாம். நொடிக்கு 144 முறை, 240 முறை புதுப்பிக்கும் திரை என்பதெல்லாம் விளையாட்டுக்கான சிறப்புகள். அசையாத பக்கத்தை வடிவமைப்பவருக்கு அவற்றால் பயனில்லை. வளைந்த திரைகளையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். நேர்கோடு நேராக இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல வேண்டிய தொழில் இது.

வாங்கும் முன் எவரும் செய்துபார்க்கக்கூடிய ஒரு சோதனை உண்டு. திரை முழுவதையும் நடுத்தரச் சாம்பல் நிறத்தால் நிரப்பிவிட்டு, இரண்டடி தள்ளி நின்று நான்கு மூலைகளையும் நடுப்பகுதியோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். தரம் குறைந்த திரையில் ஒரு மூலை மங்கியிருக்கும்; ஒரு பக்கம் இளஞ்சிவப்பாகவும் மறுபக்கம் பச்சையாகவும் சாய்ந்திருக்கும். பிறகு, முழுக் கருப்புப் பின்னணியின் மேல் அதைவிடச் சற்றே வெளிர்ந்த கட்டங்களை வரிசையாக வைத்துப் பார்க்க வேண்டும். அவை ஒன்றோடொன்று கலந்து ஒரே கருப்பாகத் தெரிந்தால், கருங்கூந்தலின் இழைகளும் இருண்ட துணியின் மடிப்புகளும் அந்தத் திரையில் ஒருபோதும் தெரியப்போவதில்லை.

இதனுடன் நிறத்தை அளக்கும் கலரிமீட்டர் கருவி ஒன்றையும் வாங்குவது நல்லது. திரையின் மேல் படிந்து நிற்கும் சிறு கருவி அது. அதன் துணையுடன் வெண்மையை 6500 கெல்வினுக்கும், இடைநிலை ஒளி அளவுகளைத் தீர்மானிக்கும் காமாவை 2.2-க்கும், பிரகாசத்தைச் சதுர மீட்டருக்கு 100 முதல் 120 கேண்டலா வரையிலும் அமைத்துக்கொள்ளலாம். பெரும்பாலான திரைகள் இதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேலான பிரகாசத்துடன் வருகின்றன. ‘திரையில் பளிச்சென்று இருந்த படம் அச்சில் இருண்டுவிட்டது’ என்று அச்சகங்களின் மீது வைக்கப்படும் புகார்களில் பலவற்றுக்கு இந்தக் கூடுதல் பிரகாசமே காரணம்.

திரைக்கு அடுத்தபடியாக நான் வைப்பது, நடப்பு வேலையைத் தற்காலிகமாக வைத்திருக்கும் நினைவகமான ரேம். இதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். அங்குலத்துக்கு 300 புள்ளி, அதாவது 300 டிபிஐ-யில் ஓர் ஏ3 பக்கம் என்பது 3508-க்கு 4961 பிக்சல், அதாவது ஏறத்தாழ 1 கோடியே 74 லட்சம் பிக்சல். சியான், மெஜந்தா, மஞ்சள், கருப்பு ஆகிய நான்கு மைகளைக் கொண்ட சிஎம்ஒய்கே முறையில் ஒவ்வொரு பிக்சலுக்கும் நான்கு பைட் தேவை என்பதால், லேயர் எனப்படும், படம் நிரம்பிய ஓர் அடுக்குக்கே கிட்டத்தட்ட 70 எம்பி ஆகும். இருபது லேயர் வைத்தால் 1.4 ஜிபி, ஒவ்வொரு நிறத்தையும் 8 பிட்டுக்குப் பதில் 16 பிட்டில் வைத்து வேலை செய்தால் அதுவே இரண்டு மடங்கு. செய்த மாற்றங்களைத் திரும்பப் பெறுவதற்காக போட்டோஷாப் சேமித்துவைக்கும் முந்தைய நிலைகளும், பக்கத்தில் திறந்திருக்கும் இல்லஸ்ட்ரேட்டரும், பிரவுசரும் இந்தக் கணக்கில் இன்னும் சேரவில்லை. போட்டோஷாப்புக்குக் குறைந்தது 8 ஜிபி வேண்டும், 16 ஜிபி இருந்தால் நல்லது என்று அடோபி நிறுவனமே சொல்கிறது. பல ஆண்டுகளுக்கு வைத்திருக்கப்போகும் கணினிக்கு 32 ஜிபி ரேமை, ஒரே துண்டாக அல்லாமல் 16 ஜிபி துண்டுகள் இரண்டாகப் போடுவதும், மேலும் இரண்டு இடம் காலியாக உள்ள மதர்போர்டைக் கேட்டு வாங்குவதும் அறிவுடைமை.

ரேம் போதாதபோது போட்டோஷாப் வட்டில் எழுதத் தொடங்கும். சாதாரண ஹார்ட் டிஸ்க் நொடிக்கு 150 முதல் 200 எம்பி வரையே எழுதும். சுழலும் தட்டு இல்லாத சேமிப்பகமான எஸ்எஸ்டியில் வேகமான என்விஎம்இ வகை சில ஆயிரம் எம்பி எழுதும். எனவே இயங்குதளமும், மென்பொருள்களும், நடப்பு வேலைகளும் எஸ்எஸ்டியிலும், முடிந்த வேலைகள் ஹார்ட் டிஸ்க்கிலும் இருக்கட்டும்.

செயலி பற்றிக் கட்டுரையாளர், அதனுள் தனித்தனியே இயங்கும் பகுதிகளான கோர்களை 16 கோர், 24 கோர் என்று அடுக்கியிருந்தார். முப்பரிமாணக் காட்சிகளையும் வீடியோவையும் ரெண்டர் செய்பவர்களுக்கு அது பொருந்தும். போட்டோஷாப், இல்லஸ்ட்ரேட்டர் ஆகியவற்றின் அன்றாட வேலைகளில் பெரும்பாலானவை ஒரு சில கோர்களையே பயன்படுத்துவதால், கோர் எண்ணிக்கையைவிட ஒவ்வொரு கோரின் வேகமே முக்கியம். கிராபிக்ஸ் கார்டும் அப்படித்தான். உருப்பெருக்கம், சில ஃபில்டர்கள், செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் ஆகியவற்றுக்கு அது உதவுகிறது. அதற்கு 8 ஜிபி நினைவகம் கொண்ட நடுத்தரக் கார்டு தாராளம். உச்சகட்ட விளையாட்டுகளுக்கென வரும் கார்டை வாங்கிவிட்டு, மிஞ்சிய பணத்தில் மலிவான திரையைப் பொருத்திக்கொள்ளும் இளைஞர்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

மேக்கா விண்டோஸா என்ற விவாதத்துக்குள் நான் போக விரும்பவில்லை. தாம் பயன்படுத்தும் மென்பொருளும், தம்மிடமிருந்து கோப்புகளைப் பெறும் அச்சகத்தின் வசதியும் அதை முடிவுசெய்துவிடும். ஒன்றை மட்டும் சொல்லியாக வேண்டும். 2020 நவம்பரில் எம்1 சிப்புடன் தொடங்கிய ஆப்பிளின் புதிய வரிசையில் ரேம் அந்தச் சிப்போடு சேர்ந்தே வருவதால், வாங்கிய பிறகு அதைக் கூட்ட முடியாது. ஆகவே மேக் வாங்குவோர் ரேம் அளவை முதல் நாளிலேயே யோசித்துக் கேட்க வேண்டும்.

வடிவமைப்புப் படிக்கும் பிள்ளைகளுக்குக் கணினி வாங்கித் தரும் பெற்றோர் பலர், நாளிதழில் வரும் இத்தகைய கட்டுரைகளைக் கத்தரித்து வைத்துக்கொண்டே கடைக்குச் செல்கின்றனர். அவர்களை மனத்தில் கொண்டு, திரைகளுக்கென்றே தனிக் கட்டுரை ஒன்றைத் தாங்கள் விரைவில் வெளியிட வேண்டும் எனவும், அதில் ஒவ்வொரு திரையின் வகை, எஸ்ஆர்ஜிபி மற்றும் அடோபி ஆர்ஜிபி விழுக்காடு, டெல்டா ஈ மதிப்பு ஆகியவற்றைத் தெளிவாகக் குறிப்பிட வேண்டும் எனவும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
அச்சு வடிவமைப்பாளர் ஒருவர்