சியாட்டிலில் ஒரே துக்கம்

சியாட்டில்,
4 பிப்ரவரி 2015

அன்புள்ள மாமாவுக்கு,

நலம். மழை, குளிர், சாயங்காலம் ஐந்தரைக்கே இருட்டு, இதெல்லாம் பழகிவிட்டது. இந்த வாரம் ஊரே இடிந்துபோய்க் கிடப்பதற்குக் காரணம் ஃபுட்பால். நம்ம கால்பந்து இல்லை, முட்டை வடிவப் பந்தைத் தூக்கிக்கொண்டு முட்டி மோதுவார்களே, அது. வீட்டுக்கு வீடு 12 என்று போட்ட கொடி தொங்குகிறது, களத்தில் 11 பேர், ரசிகர்கள் பன்னிரண்டாவது ஆளாம்.

ஞாயிற்றுக்கிழமை சூப்பர் பௌல், அதாவது இந்த ஆட்டத்தின் இறுதிப் போட்டி. பேட்ரியாட்ஸ் 28, எங்கள் சீஹாக்ஸ் 24. இன்னும் 26 விநாடி, பந்து எங்கள் கையில், எல்லைக்கோட்டுக்கு ஒரே கெஜம், தாண்டினால் முந்திவிடுவோம். மார்ஷான் லிஞ்ச் என்று ஒருத்தர், நாலு பேர் தொங்கினாலும் இழுத்துக்கொண்டு ஓடுகிற ஆள், பக்கத்திலேயே நிற்கிறார். அவரிடம் கொடுக்காமல் எறிந்தார்கள், மால்கம் பட்லர் என்ற பேட்ரியாட்ஸ் புதுப் பையன் குறுக்கே பாய்ந்து பிடித்துவிட்டான். கோப்பை போச்சு.

திங்கட்கிழமையிலிருந்து ஆபீசில் யார் தப்பு என்ற பஞ்சாயத்துதான். இந்த ஆட்டத்தில் அடுத்து என்ன செய்வது என்று கோச்சுகள் முடிவு செய்து, குவாட்டர்பேக்கின், அதாவது பந்தை எறிகிறவரின், ஹெல்மெட்டுக்குள் இருக்கும் ஸ்பீக்கரில் சொல்வார்கள். பந்தை ஆட வேண்டிய கெடுவில் 15 விநாடி மிஞ்சும்போது அந்த லைன் கட். அப்புறம் எறிவதா வேண்டாமா என்பது அவர் பாடு. தலைமைக் கோச் பீட் கேரல் பழி என்னுடையது என்றார், குவாட்டர்பேக் ரஸ்ஸல் வில்சனும் எறிந்தது நான்தானே என்றார். ஆனால் அந்தக் கடைசி எறிதலைச் சொல்லிக்கொடுத்த உதவிக் கோச் டாரெல் பெவல், பந்தைப் பிடிக்கப் போன லாக்கெட் இன்னும் பலமாக முட்டியிருக்கலாம் என்று சொல்லிவைத்தார் பாருங்கள், அது இங்கே ஒருத்தருக்கும் பிடிக்கவில்லை, எனக்கும்தான்.

கேரலைப் பைத்தியக்காரன் என்று திட்டுகிறார்கள், எனக்கு அப்படித் தோன்றவில்லை. கடிகாரத்தை நிறுத்தச் சொல்லும் டைம்அவுட் கையில் ஒன்றுதான், கோட்டைத் தாண்ட மூன்று வாய்ப்பு. ஓடி மாட்டினால் கடிகாரம் நிற்காது, எறிந்த பந்து கீழே விழுந்தால் நின்றுவிடும். எறியச் சொன்னதில் கணக்கு இருந்தது. ஆனால் அவ்வளவு நெரிசலான நடுவிலா எறியச் சொல்வது, அது கோச்சுகள் தப்பு. பட்லர் பாய்வதற்கு இடம் கொடுத்தது வில்சன் எறிந்த விதம். என்னைக் கேட்டால் பாதிப் பாதி. பட்லர் அருமையாக ஆடினான் என்று மட்டும் ஆபீசில் சொல்லிவிடக் கூடாது, அடிக்க வருவார்கள்!

அத்தை அனுப்பிய சாம்பார் பொடி வந்து சேர்ந்தது. அடுத்த தடவை பருப்புப் பொடியும் கொஞ்சம் வைக்கச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் மருமகன்