கைவினைக் கண்ணாடியும் அறக்கொடைக் கணக்கும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வாயால் ஊதிக் கண்ணாடிப் பொருள்கள் செய்யும் சிறு தொழில்கள் தங்கள் வருமானத்தில் ஒரு பகுதியை அறப்பணிகளுக்கு அளிப்பதைப் பாராட்டித் தங்கள் நாளிதழில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். பாராட்டில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால், அத்தகைய பட்டறை ஒன்றில் பல ஆண்டுகள் கணக்கு எழுதியவன் என்ற முறையில், ‘லாபத்தில் ஒரு பங்கு தர்மத்துக்கு’ என்று கட்டுரையாளர் போகிற போக்கில் எழுதிச் சென்றிருப்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும் என்று தோன்றியது.

இந்தத் தொழிலில் லாபம் என்பது என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். மணலை மட்டும் உருக்குவதென்றால் ஏறத்தாழ 1,700 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். சோடாவைச் சேர்த்தால் அந்த அளவு வெகுவாகக் குறைகிறது. சுண்ணாம்பும் சேர்ந்தால்தான் கண்ணாடி தண்ணீரில் கரையாமல் நிலைக்கிறது. அப்படியும், ஊதுகுழலில் எடுக்கும் பதத்தில் கண்ணாடிக் குழம்பை வைத்திருக்கச் சுமார் 1,100 டிகிரி சூடு தேவைப்படுகிறது. இந்த உலையை மாலையில் அணைத்துவிட்டு மறுநாள் காலையில் மூட்டிக்கொள்ள முடியாது. சூடு இறங்கினால் உள்ளிருக்கும் மூசை, அதாவது குழம்பைத் தாங்கும் பானை, விரிசல் விட்டுவிடலாம்; மறுபடியும் சூட்டை மெல்ல ஏற்றுவதற்கே நாள்கணக்கில் ஆகும். ஆகவே, ஊதுபவர் வந்தாலும் வராவிட்டாலும், ஒரு குவளைகூட விலைபோகாத மாதமானாலும், எரிபொருள் இரவும் பகலும் எரிந்துகொண்டேதான் இருக்கும். செய்துகொண்டிருக்கும் பொருளுக்கு இடையிடையே சூடு காட்ட இன்னோர் உலை. செய்து முடித்ததைச் சுமார் 500 டிகிரியில் தொடங்கி இரவு முழுவதும் சிறிது சிறிதாக ஆற்றுவதற்கு மூன்றாவது உலை. அந்த ஆற்றுதலில் அவசரம் காட்டினால், பார்வைக்குக் குறையே இல்லாத ஒரு குவளை யாரும் தொடாமலே ஒருநாள் பிளந்துபோகும். உடைந்ததை உருக்கிக்கொள்ளலாமே என்பார்கள். நிறமற்ற சில்லுகளுக்கு அது பொருந்தும். பல நிறங்கள் கலந்த சில்லுகள் சுருங்கும் அளவு ஒன்றுக்கொன்று மாறுபடுவதால், அவற்றைக் கொண்டு செய்யும் பொருள் ஆறும்போதே வெடித்துவிடும்.

இத்தனை செலவும் போக மிஞ்சுவதே லாபம். தீவிபத்துக்கு அஞ்சி வெனிஸ் அரசு 1291-இல் தன் கண்ணாடி உலைகளை முரானோ தீவுக்கு மாற்றச் சொன்னது. அன்று முதல் அந்தத் தொழிலுக்கே பெயர்பெற்ற அந்தத் தீவிலேயே, 2021-இன் இறுதியில் எரிவாயு விலை பல மடங்கு ஏறியபோது, உலைகளை அணைத்துவிட்டு உட்கார்ந்த பட்டறைகள் உண்டு. அப்படிப்பட்ட ஓர் ஆண்டில் ‘லாபத்தில் பத்து விழுக்காடு’ என்று வாக்களித்த பட்டறை கொடுக்கவேண்டியது சுழியம்தான். பட்டறைக்காரர் பொய் சொல்லவில்லை. ஆயினும், தான் வாங்கிய பூச்சாடியால் எங்கோ ஒரு குழந்தையின் படிப்புக்கு உதவி போயிருக்கிறது என்று நம்பியிருக்கும் வாடிக்கையாளருக்கு அது தெரியவே தெரியாது.

எங்கள் பட்டறையிலும் தொடக்கத்தில் ‘லாபத்தில் பங்கு’ என்றுதான் இருந்தது. இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து கொடுப்பதற்கு ஒன்றும் இல்லாமல் போனபின், விற்கும் ஒவ்வொரு பொருளுக்கும் இவ்வளவு என்று ஒரு தொகையைக் குறித்து, அதை எரிபொருள் செலவைப் போலவே மாதந்தோறும் ஏட்டில் பற்று எழுதிவிடலாம் என்று முதலாளியிடம் சொன்னேன். அவருக்கு முதலில் கோபம் வந்தது. நட்டத்திலும் கொடுக்கச் சொல்கிறாயா என்று கேட்டார், ஆமாம் என்றேன். வாங்குபவர் அந்தத் தொகையை நம்பித்தான் பொருளை எடுக்கிறார் என்றால், அது விற்பனை ஆன அன்றே நம்முடையதல்லாமல் போய்விடுகிறது என்பது என் வாதம். ஆற்றில் போட்டாலும் அளந்து போடச் சொன்னவர்கள் கணக்குப்பிள்ளைகளாகத்தான் இருந்திருக்க வேண்டும். 1983-இல் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் நிறுவனம், தன் அட்டையை ஒருவர் பயன்படுத்தும் ஒவ்வொரு முறையும் ஒரு சென்ட் வீதம் சுதந்திர தேவி சிலையின் சீரமைப்புக்குத் தருவதாக அறிவித்து, ஏறத்தாழ 17 லட்சம் டாலர் திரட்டிக் கொடுத்தது. அதில் விளம்பர ஆசை இருந்ததை யாரும் மறுக்கமாட்டார்கள். என்றாலும், எத்தனை முறைக்கு எவ்வளவு என்று எவரும் விரல்விட்டு எண்ணிப் பார்க்கக்கூடிய வாக்குறுதி அது.

இதற்கு நேர்மாறான பழக்கம் ஒன்றையும் கண்டிருக்கிறேன். கொடைக்கென்று சொல்லும் தொகையை விலையில் கூடுதலாக ஏற்றி, வாங்குபவர் பணத்திலேயே அதைக் கொடுத்துவிட்டு, ரசீதில் மட்டும் பட்டறையின் பெயரைப் போட்டுக்கொள்வது. கடைத் தேங்காயை எடுத்து வழிப் பிள்ளையாருக்கு உடைப்பதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? விற்காமல் தேங்கிய பொருள்களை ஏலத்துக்குக் கொடுத்துவிட்டு, முழு விலையையும் நன்கொடை என்று எழுதச் சொல்பவர்களும் இருக்கிறார்கள்.

கட்டுரை தொடாமல் விட்ட இன்னொன்று, உலையின் முன் நிற்பவர்களைப் பற்றியது. ஆண்டுக்கணக்கில் அந்த வெக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்குக் கண்புரை வருவது இத்தொழிலில் நெடுங்காலமாக அறியப்பட்டது. மணலைக் கலப்பவர் மூக்கை மூடாமல் வேலை செய்தால் சிலிக்கா தூசு நுரையீரலில் படிந்து, தீராத நோயில் கொண்டுபோய் விடும். தனக்கு மிஞ்சித்தான் தானமும் தர்மமும் என்ற பழமொழியைக் கஞ்சர்கள் தங்களுக்குச் சாதகமாகச் சொல்லிக்கொள்வதால் எனக்கு அது அவ்வளவாகப் பிடிக்காது. ஆனால், உதவியாளர்களுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் முறையான கூலியும் தராமல், ‘தொழில் கற்றுக்கொள்கிறான்’ என்று சொல்லி இளைஞர்களைச் சம்பளமின்றி நிறுத்திவைத்துக்கொண்டு, வெளியே காசோலை நீட்டும் பட்டறையைப் பார்த்து அந்தப் பழமொழியைத் தாராளமாகச் சொல்லலாம்.

பணத்தைவிடப் பெரிய கொடை ஒன்று கண்ணாடிக்காரர்களால் மட்டுமே தரக்கூடியது. அது உலைக்கு முன்னால் ஓர் இடம். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் டகோமா நகரில், கண்ணாடிக் கலைஞர் டேல் சிஹூலி முதலியோர் 1994-இல் தொடங்கிய ஹில்டாப் ஆர்ட்டிஸ்ட்ஸ் என்னும் அமைப்பு, பள்ளிப் பருவத்துப் பிள்ளைகளுக்குக் கட்டணமின்றி ஊதக் கற்றுத்தருகிறது. குழம்பு ஆறுவதற்குள் ஒருவர் ஊத, ஒருவர் குழலைச் சுழற்ற, ஒருவர் உலைக் கதவைத் திறந்துவிட வேண்டியிருப்பதால், யாரோடும் ஒட்டாத பிள்ளைகூட அங்கே அடுத்தவன் கையைக் கவனித்தே ஆகவேண்டும். கையால் கண்ணாடி செய்யும் அறிவையும் திறனையும் பிரான்ஸ், ஜெர்மனி, செக்கியா, பின்லாந்து, ஹங்கேரி, ஸ்பெயின் ஆகிய ஆறு நாடுகளின் மரபாக 2023-இல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது. பட்டியலில் ஏறிய திறன் அடுத்த கைக்குப் போவதற்கு, வாரத்தில் ஒரு நாளாவது உலையைப் பிள்ளைகளுக்கு விட்டுக்கொடுக்கும் பட்டறைகள் வேண்டும். எரிபொருள் எப்படியும் எரிந்துகொண்டுதானே இருக்கிறது!

ஆகவே, இத்தகைய தொழில்களைப் பற்றி இனி எழுதும்போது, எந்த ஆண்டில், எவ்வளவு தொகை, எந்த அமைப்புக்கு, விற்பனையிலிருந்தா லாபத்திலிருந்தா என்ற நான்கையும் கேட்டு வாங்கி அச்சிடுமாறு தங்கள் செய்தியாளர்களுக்கு அறிவுறுத்த வேண்டுகிறேன். ஒழுங்காகக் கொடுக்கும் பட்டறையாக இருந்தால், அங்குள்ள கணக்கர் அந்தப் பக்கத்தைப் புரட்டிக் காட்ட இரண்டு நிமிடம்கூட ஆகாது.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற கணக்கர் ஒருவர்