விழுப்புரம் சந்திப்பில் துணை நின்ற அக்காவுக்கு நன்றி

சென்ற மாதம் புதுச்சேரியிலிருந்து விழுப்புரம் சென்ற பயணிகள் ரயிலில் எங்கள் எதிரே அமர்ந்து வந்த, பெயரைக் கேட்கக்கூட நான் தவறிவிட்ட அந்த அக்காவுக்கு இந்த நன்றியை எழுதுகிறேன். முதன்முறையாக ரயிலேறிய நானும் முழங்கால் வலியுள்ள என் தாயாரும் விழுப்புரத்தில் இறங்கி, 20 நிமிடத்திற்குள் மதுரை செல்லும் விரைவு வண்டியைப் பிடிக்க வேண்டியிருந்தது. வளவனூரில் வண்டி நெடுநேரம் நின்றபோதுதான், சென்னை, திருச்சி, மயிலாடுதுறை, காட்பாடி, புதுச்சேரி என ஐந்து பாதைகள் கூடும் சந்திப்பில் எந்த நடைமேடைக்குப் போவது என்பதே தெரியாதது எனக்கு உறைத்தது.

என் கலக்கத்தைக் கண்ட அவர், "பதறாதீங்க தம்பி" என்று சொல்லி, 139 என்ற எண்ணை அழைத்து மதுரை வண்டி எங்கே வருகிறது என்று கேட்கச் செய்தார். அதுவும் சற்றுத் தாமதம் என்றதும் அம்மாவின் முகம் தெளிந்தது. இரண்டு பயணங்களுக்கும் முன்பதிவுச் சீட்டு எடுத்து, அவற்றின் பிஎன்ஆர் எண்களை, அதாவது சீட்டில் உள்ள முன்பதிவு எண்களை, முன்பே இணைத்திருந்தால், முதல் வண்டியின் தாமதத்தால் அடுத்ததைத் தவறவிடுவோருக்குப் பணம் திரும்பக் கிடைக்கும் விதி 2019 முதல் உள்ளது என்பதையும் அவரே சொன்னார். முன்பதிவில்லாத எங்கள் முதல் சீட்டுக்கு அது பொருந்தாது.

இறங்கியதும், தம் ஊர்ப் பேருந்தையும் விட்டுவிட்டு, அம்மாவின் கையைப் பிடித்து நடைமேம்பாலம் ஏறி இறங்கி, எங்கள் பெட்டி வந்து நிற்கும் இடம் வரை உடன் வந்தார். அந்தப் படிகளை அம்மா தனியாக ஏறியிருக்கவே முடியாது.

அக்கா, நாங்கள் அன்றிரவே மதுரைக்கு நலமாகப் போய்ச் சேர்ந்தோம்.