அந்த அதிகாரி யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

2016 ஜனவரியில் ஹைதராபாத் பல்கலைக்கழகத்தில் ரோஹித் வேமுலா, 2019 மே மாதம் மும்பையில் மருத்துவ மேற்படிப்பு படித்த பாயல் தட்வி. சாதிப் பாகுபாட்டுப் புகார்களுக்கு நடுவே இருவரும் தற்கொலை செய்துகொண்டார்கள். பிள்ளைகளைப் பறிகொடுத்த அந்த இரண்டு தாய்மார்களும் உச்ச நீதிமன்றம் வரை போய்க் கேட்டதில் முக்கியமானது, சாதிப் பாகுபாட்டை விசாரிக்க ஒவ்வொரு கல்லூரியிலும் ஓர் அதிகாரி இருக்க வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2012-லேயே போட்ட விதியை ஒழுங்காக நடைமுறைப்படுத்துங்கள் என்பதுதான்.

என் மகள் படிக்கும் கல்லூரியில் அந்த அதிகாரி யார் என்று கேட்டேன். அலுவலகத்தில் யாருக்கும் தெரியவில்லை. விடுதியில் சாதியைச் சொல்லித் திட்டினால் ‘பசங்க சண்டை’ என்று முடித்துவிடுகிறார்கள், அப்புறம் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் எதற்கு? ராகிங் புகார் எண்ணை எழுதிப் போடுவதுபோல அந்த அதிகாரியின் பெயரையும் போன் நம்பரையும் விடுதி வாசலில் எழுதிப் போடுங்கள். விசாரணைக் குழுவில் வெளியாட்களும் இருக்கட்டும், பேராசிரியர் மீதான புகாரைச் சக பேராசிரியர்களே விசாரித்தால் எந்தப் பிள்ளை வாய் திறக்கும்?

– ஒரு மாணவியின் தாய், மதுரை